உள்மடிப்பு இல்லாத டவுசர்

துணிக்கடையில் புதுச் சட்டை கைக்கு வந்ததும் நம் வயதுக்காரர்கள் என்ன பார்ப்பார்கள்? நிறத்தைப் பார்ப்பார்கள். தொப்பைக்கு மேல் பொத்தான் சேருமா என்று பார்ப்பார்கள். நான் மட்டும் கீழ் விளிம்பைத் திருப்பி, உள்ளே எவ்வளவு துணி மடித்து விட்டிருக்கிறார்கள் என்று விரலால் தடவிப் பார்ப்பேன். “இனிமேலா வளரப் போறீக?” என்பாள் என் மனைவி. பக்கவாட்டில் வளர்ந்துகொண்டுதானே இருக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். உண்மைக் காரணத்தை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பாள். நீங்களும் சிரிக்கலாம், தடையில்லை. பதினொரு வயதில் ஒரு மழைக்காலத்தில், நான் சாகப்போகிறேன் என்று முழுமனதாக நம்பித் திரிந்தவன் நான். அதற்கு எனக்குக் கிடைத்த மருத்துவச் சான்று ஒரு டவுசர்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வீடு பேட்டையில். அப்பாவுக்கு அங்கேயே ஒரு லேத் பட்டறையில் வேலை. அம்மாவுக்கு வேலை தையல் மிஷினில். ஊருக்குத் தைப்பவள் அல்ல, வீட்டுக்கு மட்டும். எங்கள் தலையணைக்கு உறை அவள் தைத்தது, அப்பாவின் கோடு போட்ட டிராயர் அவள் தைத்தது, ரேடியோவுக்குப் பூப்போட்ட சட்டை அவள் தைத்தது. வீட்டில் சட்டை போடாமல் இருந்தது பல்லி ஒன்றுதான். அதுவும் ஓடாமல் நின்றிருந்தால் அளவெடுத்திருப்பாள்.

அவள் தையலில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளைகள் துணியில் வளர்த்திக்கு விட வேண்டும். என் டவுசரின் கீழே நாலு விரல் அகலத்துக்கு உள்மடிப்பு இருக்கும். அக்காவின் பாவாடையில் வரிவரியாகப் பிடித்துத் தைத்த டக்கு இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் பழைய பிளேடு ஒன்றால் அந்தத் தையலைப் பைய அறுத்து, மடிப்பைக் கீழே இறக்கி, மறுபடி ஓரம் அடித்துக் கொடுப்பாள். வெயில் படாமல் உள்ளே கிடந்த துணி மட்டும் புத்தம்புதிதாக, ஒரு பட்டையாகத் தெரியும். எங்கள் தெருவில் பையன்களின் வயதைக் கேட்கவே வேண்டாம். மரத்தை அறுத்து வளையம் எண்ணுவதுபோல் டவுசரின் பட்டைகளை எண்ணினால் போதும்.

அந்த வருடம் ஆடியில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து, கீழாநெல்லியாகக் குடித்துக் குடித்து எழுந்திருந்தேன். எழுந்த பிறகும் பார்க்க வந்தவர்கள் என் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் மஞ்ச நிக்குதோ?” என்று ஆளுக்கொரு சந்தேகத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு நாள், அப்பாவோடு வேலை பார்த்த காயல்பட்டினத்துக்காரர், வளைகுடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த துணியில் ஒரு பெரிய துண்டைக் கொடுத்துவிட்டார். சாம்பல் கலந்த நீலம். கசக்கினால் கசங்காது. தீபாவளிக்கு எனக்குச் சட்டையும் டவுசரும் அதில்தான் என்று முடிவாயிற்று.

தைத்து முடித்து அம்மா போட்டுப் பார்க்கச் சொன்னபோது நான் கண்ணாடியை விட்டு நகரவில்லை. என் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு துணி எனக்குப் பொருந்தியிருந்தது. அதுவரைக்கும் என் சட்டைகளுக்குள் நான் வாடகைக்கு இருந்தேன். தோள் முழங்கைப் பக்கம் வரும், டவுசர் முழங்காலைத் தாண்டும். இது தோளில் ஏறிய இடத்தில் நின்றது. டவுசர் முழங்காலுக்கு மேல், எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வழக்கப்படி டவுசர் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. பிசிறு தெரியாமல் இருக்க மடிக்கிற அரை விரல், அவ்வளவுதான்.

“எம்மா, மடிப்பு விடலியே?”

மிஷினின் கால்மிதி நின்றது. “இது போதும்லே. அளவாத்தான இருக்கு?”

பக்கத்தில் அக்காவின் பாவாடை கிடந்தது. அதில் மூன்று வரி டக்கு.

“அக்காவுக்கு மட்டும் மூணு டக்கு?”

“அவ வளருத பிள்ளைலா” என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல். பிறகு என்ன நினைத்தாளோ, “கழட்டி வச்சுட்டுப் போயி விளையாடு, போ” என்று விரட்டினாள்.

அக்கா வளருகிற பிள்ளை. சரி. அப்படியானால் நான் யார்?

இதை விசாரிக்க எனக்கு ஒரு நிபுணர் இருந்தான், பக்கத்து வீட்டுப் பயல். அவர்கள் கிறிஸ்தவர்கள். அவன் தாத்தா இறந்தபோது பெட்டி செய்கிற ஆசாரி வந்து டேப்பை வைத்து அளந்ததை அருகில் நின்று பார்த்தவன். அதனால் சாவு சம்பந்தமான எல்லாக் கேள்விக்கும் தெருவில் அவன்தான் அதிகாரி.

“ஏலே, படுத்துக் கெடக்கவன அளந்தா என்னலே அர்த்தம்?” என்று அவனிடம் கேட்டேன்.

“ஒண்ணு, பெட்டி செய்யப் போறாங்கன்னு அர்த்தம். இல்லன்னா…”

“இல்லன்னா?”

கொஞ்ச நேரம் யோசித்தான். “இல்லன்னா ஒண்ணுமில்ல. பெட்டிதான்.”

நான் சும்மா கேட்கவில்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தேன். குதிகாலில் ஏதோ சில்லென்று பட்டது. அரைக்கண்ணைத் திறந்தேன். இஞ்ச் டேப்பின் தகர நுனி. அம்மா என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து என்னைக் காலிலிருந்து தலைவரைக்கும் அளந்துகொண்டிருந்தாள். பிறகு அப்பாவின் சட்டையை எடுத்து என்மேல் விரித்தாள். கழுத்துவரை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் மூச்சு விடுவதா வேண்டாமா என்று குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று குறைத்து விட்டேன்.

அதன் பிறகு பார்க்கிற இடமெல்லாம் எனக்குச் சகுனம்தான். அம்மா துணியை வெட்டுவதற்கு முன் பழைய செய்தித்தாளில் அளவு வெட்டி வைப்பாள். என் சட்டையின் முன்பாகம் ஆணியில் தொங்கியது. கிட்டப்போய்ப் பார்த்தால், ‘கண்ணீர் அஞ்சலி’ போடுகிற பக்கத்தில் வெட்டியிருந்தாள். என் நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் மீசை வைத்த ஆறேழு பெரியவர்கள் வரிசையாக நின்று, வா தம்பி, இடம் இருக்கிறது என்பதுபோல் சிரித்தார்கள். இன்னொரு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது பொத்தான் அறுந்தது. உடம்பில் கிடக்கிற துணியில் ஊசி போடக் கூடாது என்று ஊருக்கே சொல்லுகிறவள், அன்றைக்கு என்னை நிற்க வைத்து என் நெஞ்சின் மேலேயே பொத்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. “எம்மா, உடம்புல வச்சுத் தைக்கியே?” என்றேன். “என்னமோ போ, எல்லாம் மறந்து மறந்து போகு” என்றாள். ஆயுள் முடிந்தவனுக்குச் சாத்திரம் எதற்கு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே ராதாபுரத்திலிருந்து பெரியம்மா வந்து இறங்கினாள். அம்மாவின் அக்கா. கோவில் கொடைத் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் தவிர வராதவள். கோவிலில் கொடையும் இல்லை, பொங்கலுக்கு இன்னும் மழையே முடியவில்லை. மஞ்சள் பையில் கருப்பட்டியோடு வந்தவள், என் கன்னத்தை ரெண்டு கையாலும் பிடித்து, “எய்யா… எய்யா…” என்றாள். அன்று சாயங்காலம் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“பிள்ளைட்ட சொல்லியாச்சாட்டி?”

“சொல்லி என்ன செய்ய? தெரியாமலே இருக்கட்டும். அவன் தாங்க மாட்டான்.”

தாங்க மாட்டான் என்று எவ்வளவு சரியாகச் சொன்னாள்! அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

நான் சும்மா சாகிற ஆள் இல்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த டவுசர் எனக்குப் பொருந்துகிறவரைக்கும்தானே ஆபத்து? தீபாவளிக்குள் அது பற்றாமல் போய்விட்டால்? வளர்ந்துவிட்டால்? மறுநாளிலிருந்து கொல்லை வேப்பமரத்தின் கிளையைப் பிடித்துத் தொங்கத் தொடங்கினேன். இட்லியை எண்ணாமல் தின்றேன். குளித்துவிட்டு வந்ததும் சுவரில் கரியால் போட்ட கோட்டோடு தலையை உரசிப் பார்த்தேன். தலை அங்கேயேதான் இருந்தது. கைதான் நீண்டதுபோல் வலித்தது.

“ஏலே, வௌவாலுக்குப் பொறந்தவனே, எறங்குல!” என்று பெரியம்மா கொல்லை வாசலில் நின்று கத்துவாள். “இந்த மழையில மரத்துல என்னல தொங்கல்? இருக்க வேதன பத்தாதா?”

எதற்கும் இருக்கட்டும் என்று உயிலையும் வாய்மொழியாகச் சொல்லிவைத்தேன். பம்பரமும் கோலிகளும் பக்கத்து வீட்டுப் பயலுக்கு. அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

“கோலிய இப்பவே தந்துருலே. பெறகு ஒங்க வீட்டுல கூட்டமா இருக்கும். வந்து கேக்க நல்லாருக்காது.”

நியாயமாகத்தான் பட்டது. கொடுத்துவிட்டேன்.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ‘ஒரு வேலையா’ என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பாவும் அம்மாவும் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது. பெரியம்மா அசந்து தூங்கினாள். டவுசர் இறுக ஆரம்பித்துவிட்டதா என்று போட்டுப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். மேலாக என் சாம்பல் நீல டவுசர். எடுத்தேன். அடியில் அதே துணியில் இன்னொரு டவுசர். கொஞ்சம் பெரியது. இடுப்பில் வைத்துப் பார்த்தால் முழங்காலை மூடியது. அதற்கு அடியில் இன்னும் பெரியது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தோதாகச் சட்டை. எல்லாவற்றுக்கும் அடியில் காப்பி நிறத்தில், இஸ்திரி போட்ட மடிப்போடு ஒரு பேண்ட்.

பேண்ட்! ஒன்பதாம் வகுப்புக்குப் போனால்தான் எங்களுக்கெல்லாம் பேண்ட் கிடைக்கும். ஒவ்வொன்றின் ஓரத்தையும் திருப்பிப் பார்த்தேன். எதிலும் மடிப்பு இல்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் இடத்துக்கு ஆள் பார்த்தாயிற்று. ஒருத்தன் இல்லை, வரிசையாக மூன்று பேர். என்னைவிடப் பெரிய பயல்கள். அதில் ஒருவன் பேண்ட் போடுகிறவன். சாவதில் எனக்கு அதுவரை இருந்த வருத்தம் வேறு, அப்போது வந்த ஆத்திரம் வேறு. செத்தால் செத்துவிட்டுப் போகிறேன், எவனோ ஒருவன் என் வீட்டில் பேண்ட் போட்டுக்கொண்டு நடப்பதா? பேண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன். அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள்.

“ஏ மூதி, அத ஏம்ல எடுத்த? அம்மா கண்டா கொன்னுருவா.”

“கொல்ல என்ன இருக்கு, நாந்தான் சாகப் போறேம்லா. இதெல்லாம் யாருக்குட்டி? யாரு வாரா நம்ம வீட்டுக்கு?”

“எதெல்லாம்?”

“இந்த டவுசரு… பேண்டு…”

“கூறுகெட்டவனே, அம்புட்டும் ஒனக்குத்தாம்ல. நீ சாகப் போறேன்னு யாரு சொன்னா?”

“டவுசரு.”

அக்கா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பெரியம்மா எழுந்துவிடாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“நீ இல்லலே” என்றாள்.

மழைச் சத்தத்தில் அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. தீபாவளி கழிந்ததும் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். ராதாபுரத்தில் அம்மாவோடு படித்தவள் ஒருத்தி இதே ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அம்மா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

“மடிப்பு விட்டா அதப் பிரிச்சு எறக்க ஆளு வேணும்லா? அப்பாவுக்கு ஊசியில நூலு கோக்கத் தெரியுமா, சொல்லு. அதான் ஒவ்வொரு வருசத்துக்கும் அளவா, தனித்தனியா தச்சு வைக்கா. எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிரலாம்னு.”

“ஒனக்கு மட்டும் டக்கு வச்சிருக்கா?”

“என்னயப் பெரியம்மா ராதாபுரத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவா. அவளுக்குப் பிரிக்கத் தெரியும்.”

என் சாவு எனக்குப் பழகிப்போயிருந்தது. அதில் நான் பெட்டிக்குள் படுத்திருப்பேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுவாள். எந்தக் கோணத்தில் யோசித்தாலும் அம்மா அங்கே இருந்தாள். அவள் இல்லாத வீட்டில், அக்காவும் இல்லாமல், அப்பாவோடு நான் மட்டும் இருந்து, வருடத்துக்கு ஒரு டவுசராகப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வது எனக்கு யோசிக்க வரவில்லை. அக்கா ஒவ்வொன்றாக வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, அடுக்கி, பெட்டியை உள்ளே தள்ளினாள். “நமக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியக் கூடாது” என்றாள். சரி என்றேன். எங்கள் வீட்டில் ஆளாளுக்கு மறைக்கிற கூட்டத்தில் நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

மறுநாளிலிருந்து நான் மரத்தில் தொங்கவில்லை. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது, அப்போது அது உயிர் போகிற காரியம். வளர்ந்தால் அடுத்த டவுசர். அடுத்த டவுசர் என்றால் அம்மா இல்லை. எனவே வளரக் கூடாது. ரெண்டு இட்லியோடு எழுந்தேன். தூங்கும்போது முழங்காலை மடக்கி, உடம்பைச் சுருட்டிக்கொண்டு படுத்தேன்.

“இதென்னல கூத்து?” என்றாள் பெரியம்மா. “நேத்துவரைக்கும் பன்னிக்குட்டி மாதிரி தின்னான். இன்னைக்குக் கோழிக்குஞ்சு மாதிரி கொத்துதான்!”

தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தேன். அம்மா புதுச்சட்டையின் காலரில் மஞ்சள் வைத்து, போட்டுவிட்டாள். எல்லாப் பொத்தானையும் அவளே மாட்டினாள். பிறகு ரெண்டு எட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தாள். நான் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன்.

“நிமிந்து நில்லுல. சரியா இருக்கு” என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டு என்னைப்போல் நடுங்கியவன் அன்றைக்கு இந்தத் தாமிரபரணிக் கரையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். வெடியைப் பற்றவைக்காமல் நான் ஒதுங்கி நின்றதைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பயல் நான் வெடிக்குப் பயப்படுவதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். கோலியையும் திருப்பித் தரவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அம்மா மிஷினைத் துடைத்தாள். ஊசியைக் கழற்றித் தாளில் சுற்றி, பிள்ளைகள் கையில் குத்திவிடாதபடி உயரத்தில் வைத்தாள். மூடிபோட்டு மூடினாள். மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். எங்களைப் பார்க்கவில்லை. “பெரியம்மா சொல்லுதத கேட்டு நடக்கணும், என்ன?” என்று வாசல் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆபரேஷன் நாளன்று பெரியம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அக்கா ஜன்னலில். நான் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து கால்மிதியைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தேன். நூலும் இல்லை, ஊசியும் இல்லை. சக்கரம் மட்டும் சுற்றியது. அந்தக் கடகடச் சத்தம் வீட்டுக்குள் இருந்தால் அம்மாவும் எங்கேயோ இருப்பாள் என்று ஒரு கணக்கு. யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அப்பா நனைந்துகொண்டு வந்தார். செருப்பைக் கழற்றினார். தலையைத் துவட்டினார். அதற்குள் மூன்று பேரும் பாதி செத்துவிட்டோம். “நல்லபடியா முடிஞ்சுட்டு. சும்மா கட்டிதான், வேற ஒண்ணுமில்ல” என்றார். நான் மிஷினுக்கு அடியிலிருந்து அழத் தொடங்கினேன். அப்பா குனிந்து பார்த்தார்.

“நல்லபடியா முடிஞ்சுட்டுன்னு சொல்லுதேன், எதுக்குலே அழுத? பசிக்கா?”

அவருக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியைப் பற்றித் தெரியாது, டவுசர்களைப் பற்றித் தெரியாது. அவர் மறைத்தது வேறு. கட்டி பயப்படுகிற மாதிரி இல்லை என்று டாக்டர் முதலிலேயே அவரிடம் சொல்லியிருந்தாராம். நல்ல சேதியைக் காரியம் முடியும் முன் வாயால் சொன்னால் கண் பட்டுவிடும் என்று அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார். இது எனக்குத் தெரியவந்தபோது எனக்கே மீசை வந்துவிட்டது. அவர் அந்த ஒரு வரியை வெளியில் விட்டிருந்தால் அம்மா ஒரு மழைக்காலம் முழுக்கத் தன் சாவுக்கு அளவெடுத்திருக்க மாட்டாள். நானும் கோலிகளை இழந்திருக்க மாட்டேன்.

அம்மா திரும்பி வந்தாள். கொஞ்ச நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், பிறகு பிடிக்காமல் நடந்தாள். பெரியம்மா அக்காவைக் கூட்டிக்கொள்ளாமல் தனியாக ராதாபுரத்துக்கு பஸ் ஏறினாள். தகரப் பெட்டியைப் பற்றி அம்மா வாயே திறக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும்போது, ஏதோ நேற்றுத்தான் தைத்ததுபோல, அதிலிருந்து ஒரு உருப்படியை எடுத்துக் கொடுப்பாள். நானும் ஏதோ நேற்றுத்தான் பார்ப்பதுபோல வாங்கிக்கொள்வேன்.

ஒன்றும் பொருந்தவில்லை என்பதுதான் வேடிக்கை. அப்பாவின் சட்டையை என்மேல் விரித்துப் பார்த்து, நான் அப்பாவைப்போல் அகலமாக வருவேன் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். நான் அம்மா வழி மாமாவின் சாயலில் வளர்ந்தேன், மூங்கில் கழிபோல. இடுப்பில் ரெண்டு பேர் இருக்கலாம், நீளம் ஒருத்தனுக்கே போதாது. அரைஞாண் கயிற்றில் இழுத்துச் சொருகிக்கொண்டு போய்வந்தேன்.

ஒன்பதாம் வகுப்பு வந்தது. காப்பி நிறப் பேண்ட் வெளியே வந்தது. போட்டுக்கொண்டு நின்றேன். கணுக்காலுக்கு மேலே நன்றாக ஒரு சாண் கால் தெரிந்தது. அம்மா என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள், வாயில் குண்டூசிகளோடு. பழக்க தோஷத்தில் அவள் விரல் பேண்டின் ஓரத்தைத் திருப்பி, இறக்கிவிட மடிப்பைத் தேடியது. இந்தப் பக்கம் தேடியது. அந்தப் பக்கம் தேடியது. பிறகு நின்றுவிட்டது.

நான் மேலேயிருந்து அவள் உச்சி வகிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“எந்தக் கூறுகெட்டவ தச்சது இத?” என்றாள், ஓரத்தை விடாமல். “ஒரு விரக்கடை மடிப்புக்கூட விடலியே.”

“யாரோ பயந்தாங்குளிம்மா” என்றேன்.

சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எவ்வளவு காலமாக என்று கேட்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “கழட்டுல” என்றாள்.

அன்றைக்கே பேண்டின் காலில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். வீட்டில் காப்பி நிறத் துணி மிச்சமில்லை. கிடைத்தது கருநீலம். கீழே மட்டும் வேறு நிறத்தில், பட்டையடித்த மைல்கல்போல நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டுப் பயல் வகுப்பு வரைக்கும் பின்னாலேயே வந்து சிரித்தான்.

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கருநீல ஒட்டின் ஓரத்தை வாசலைத் தாண்டும் முன்பே நான் திருப்பிப் பார்த்திருந்தேன். உள்ளே நாலு விரலுக்கு மடிப்பு இருந்தது.